பெண்கள் கத்தோலிக்கக் குருவாக முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பலி முடிந்து வெளியே வரும்போது ஒரு சிறுமி தன் அம்மாவிடம் கேட்கிறாள்: "பீடத்தில் நின்று அப்பத்தை உயர்த்துவது ஏன் எப்போதும் ஆண்தான்?" அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்களிடம் போனால் "அது முடிந்துபோன விஷயம், கிளறாதே" என்று ஒருவர் அடக்குகிறார், "எல்லாம் ஆணாதிக்கம்" என்று இன்னொருவர் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். கேட்டவள் வெறுங்கையோடு திரும்புகிறாள்.

இந்தக் கேள்வி பதில் தொகுப்பை அந்த அம்மாவை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நான் கத்தோலிக்க விசுவாசி. குருத்துவத்தின் கதவு பெண்களுக்கும் திறக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லாமல் என் விருப்பத்தை மட்டும் சொன்னால் அந்த அம்மாவை ஏமாற்றியவன் ஆவேன்.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1024-ஆவது விதி ஒரே வரிதான். திருமுழுக்குப் பெற்ற ஆண் மட்டுமே செல்லுபடியாகும் விதத்தில் திருநிலைப்படுத்தப்பட, அதாவது திருச்சபையின் புனிதப் பட்டம் பெற, முடியும் என்கிறது அது. "செல்லுபடியாகும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். உரோமையின், அதாவது திருத்தந்தையின், ஒப்புதல் இல்லாமல் ஓர் ஆயர் இன்னோர் ஆணுக்கு ஆயர் பட்டம் கொடுத்தால் அது குற்றம், கடும் தண்டனையும் உண்டு. ஆனாலும் பட்டம் பெற்றவர் ஆயர்தான். ஒரு பெண்ணின் தலைமேல் கைவைத்து அதே மன்றாட்டைச் சொன்னால், சட்டத்தின் பார்வையில் அங்கே எதுவுமே நடக்கவில்லை. அருளடையாளமே (திருமுழுக்கு, திருப்பலி போல இறையருளைத் தரும் சடங்கு) உண்டாகவில்லை என்பதுதான் அதிகாரபூர்வ நிலைப்பாடு.

இந்தப் போதனை எப்போது எழுத்து வடிவம் பெற்றது?

இடைக்கால இறையியலர்கள் இதை வகுப்பறைக் கேள்வியாக விவாதித்ததுண்டு. உரோமை விரிவாகப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் 1970-களில்தான் வந்தது. 1974 ஜூலை 29 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எபிஸ்கோப்பல் சபையில் பதினொரு பெண்கள் குருக்களாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்கள். ஆங்கிலிக்கன் உலகம் இந்தத் திசையில் நகர்வதை அதன் தலைமை ஆயரான கேன்டர்பரி பேராயர் டொனால்ட் கோகன் உரோமைக்கு எழுதித் தெரிவித்தார். திருத்தந்தை ஆறாம் பவுல் 1975 நவம்பரில் அவருக்கு எழுதிய பதிலில், பெண்களுக்குக் குருத்துவம் வழங்குவது இயலாது என்று கூறிக் காரணங்களையும் சுருக்கமாகத் தந்தார். அதே நவம்பரில் டெட்ராய்ட் நகரில் கத்தோலிக்கப் பெண்கள் இதற்காகவே ஒரு மாநாடு கூட்டினார்கள். மறு ஆண்டு, 1976 அக்டோபர் 15 தேதியிட்டு, போதனையைக் கண்காணிக்கும் வத்திக்கான் துறையான விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 'இன்ட்டர் இன்சிஞ்ஞோரெஸ்' என்ற அறிக்கையை வெளியிட்டது.

அதன் பிறகும் விவாதம் ஓயவில்லை. 1994 மார்ச் மாதம் இங்கிலாந்துத் திருச்சபை பிரிஸ்டல் நகரில் முதன்முதலாக 32 பெண்களைக் குருக்களாகத் திருநிலைப்படுத்தியது. இரண்டே மாதத்தில், மே 22 அன்று, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 'ஓர்தினாத்சியோ சாச்செர்தோத்தாலிஸ்' என்ற மடலை எழுதினார். சிறிய மடல்தான். பெண்களுக்குக் குருப்பட்டம் வழங்கத் திருச்சபைக்கு எவ்வித அதிகாரமும் இல்லை, இந்தத் தீர்ப்பை நம்பிக்கையாளர் அனைவரும் இறுதியானதாக ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அப்படியானால் இது தவறாவரத்தோடு அறிவிக்கப்பட்ட கோட்பாடா?

தவறாவரம் என்பது விசுவாசப் போதனையில் பிழை நேராதபடி திருச்சபைக்குத் தரப்பட்டதாக நம்பப்படும் வரம். இங்கே நுட்பமான ஒரு முடிச்சு இருக்கிறது. 1994 மடல் மரியாவின் விண்ணேற்பு போல சிறப்பு முறையில் பிரகடனம் செய்யப்பட்ட விசுவாச சத்தியம் அல்ல. சந்தேகம் கேட்டவர்களுக்கு 1995 அக்டோபர் 28 அன்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் அப்போதைய தலைவர் கர்தினால் ராட்சிங்கர் கையொப்பமிட்டுப் பதில் வந்தது. உலகெங்கும் உள்ள ஆயர்கள் எப்போதும் ஒருமித்துப் போதித்து வந்ததால் இது தவறாவரத்தோடு போதிக்கப்பட்டதாகும் என்றது அந்தப் பதில். 2018-இல் அதே பேராயத்தின் தலைவர் இதை மீண்டும் உறுதிப்படுத்தினார்.

மாற்றுக் கருத்துடைய இறையியலர்கள் கேட்பது இதுதான்: ஆயர்கள் அனைவரும் இதை இறுதியான போதனையாகவே கற்பித்தார்கள் என்று எப்படி உறுதிசெய்தீர்கள்? அவர்களைக் கேட்டீர்களா? கேள்வியே எழாத காலத்து மௌனம் போதனையாகுமா? சட்டத் தொகுப்பின் 749-ஆவது விதியே, தெளிவாகப் புலப்பட்டாலொழிய எந்தப் போதனையையும் தவறாவரத்தோடு வரையறுக்கப்பட்டதாகக் கருதக் கூடாது என்கிறது. இந்த எதிர்வாதம் எனக்கு வலுவாகப் படுகிறது. ஆனால் உரோமை இதை ஏற்கவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2016 நவம்பரில் ஸ்வீடனிலிருந்து திரும்பும் விமானத்தில் நிருபர்களிடம், இதில் இரண்டாம் யோவான் பவுல் சொன்னதே கடைசிச் சொல் என்றார்.

திருச்சபை முன்வைக்கும் காரணங்கள்தான் என்ன?

முதலாவது, இயேசு பன்னிரு திருத்தூதரையும் ஆண்களிலிருந்தே அழைத்தார். இரண்டாவது, கிழக்கிலும் மேற்கிலும் திருச்சபை அந்த முன்மாதிரியை இடைவிடாமல் பின்பற்றி வந்திருக்கிறது. மூன்றாவது, திருப்பலியில் குரு கிறிஸ்துவின் ஆளாக நின்று "இது என் உடல்" என்று சொல்கிறார். அருளடையாளம் என்பது கண்ணுக்குத் தெரியும் அடையாளம், எனவே திருச்சபையின் மணமகனாகிய கிறிஸ்துவை ஆண்தான் அடையாளப்படுத்த முடியும்.

இவற்றுக்கு அடியில் நான்காவதாக ஒன்று ஓடுகிறது. என் பார்வையில் அதுவே இவற்றுள் மிக வலுவானது. அருளடையாளங்கள் திருச்சபையின் சொத்து அல்ல, அது அவற்றின் காவலர் மட்டுமே என்ற எண்ணம் அது. திருப்பலிக்குக் கோதுமை அப்பம்தான் வேண்டும், திருமுழுக்குக்குத் தண்ணீர்தான் வேண்டும். கோதுமை விளையாத தேசத்திலும் வேறு தானியத்தில் அப்பம் செய்து திருப்பலி நிறைவேற்றத் திருச்சபை துணியவில்லை. அதே மனநிலையில்தான் 1994 மடல் "மாட்டோம்" என்று சொல்லாமல் "எங்களால் முடியாது" என்று சொல்கிறது. இதைத் தந்திரம் என்று தள்ளுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. உண்மையாகவே கைகள் கட்டப்பட்டிருப்பதாக நம்புகிறவர்கள் பலர், அவர்களுள் பெண்களும் ஏராளம்.

என் தடுமாற்றம் வேறு. கோதுமைதான் அப்பத்தின் அடையாளம் என்பதை யாரும் காயப்படாமல் ஏற்கலாம். ஒரு மனுஷியைப் பார்த்து "நீ இந்த அடையாளத்துக்குப் பொருந்தும் பொருள் அல்ல" என்று சொல்வதும் அதுவும் ஒன்றா? திருமுழுக்கில் அவளும் கிறிஸ்துவை அணிந்துகொண்டவள். ஆண் என்றும் பெண் என்றும் இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியது அந்தத் திருமுழுக்கைப் பற்றித்தான். குருத்துவத்தைப் பற்றியது அல்ல அந்த வசனம் என்பார்கள். அது உண்மைதான். ஆனாலும் கிறிஸ்துவை அணியத் தகுதியுள்ளவள் அவரை அடையாளப்படுத்தத் தகுதியற்றவளாவது எப்படி என்ற கேள்வி எனக்குள் அடங்க மறுக்கிறது.

பெண்கள் தாழ்ந்தவர்கள் என்பது காரணம் இல்லையா?

இன்று இல்லை. முன்பு அதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். புனித தோமா அக்குவினாவின் வாதம் ஒளிவுமறைவற்றது. குருத்துவம் மேன்மையான நிலையைக் குறிக்கிறது, பெண் கீழ்ப்பட்ட நிலையில் இருப்பதால் அந்த மேன்மையை அவளால் அடையாளப்படுத்த முடியாது என்பது அதன் சாரம். இதே வகைக் காரணங்கள் நூற்றாண்டுகளாகப் பாடமாக ஓதப்பட்டன. 1976 அறிக்கையோ, இடைக்கால இறையியலர்கள் சொன்ன காரணங்களுள் சிலவற்றை இன்றைய சிந்தனை ஏற்கத் தயங்கும், சிலவற்றை நியாயமாகவே மறுக்கும் என்று தானே எழுதியது. 1994 மடலும், குருப்பட்டம் இல்லாததால் பெண்களின் மாண்பு குறைந்ததாகப் பொருள் அல்ல என்று வலியுறுத்துகிறது.

ஆக, வீடு நிற்கிறது, ஆனால் அதைத் தாங்கிய பழைய தூணை வீட்டுக்காரரே அகற்றிவிட்டார். "தூண் எதுவாக இருந்தாலும் மரபு மரபுதான், காரணம் பிழையாக இருக்கலாம், நடைமுறை தூய ஆவியாரின் வழிகாட்டுதல்" என்பது ஒரு பதில். அந்தப் பதிலை மதிக்கிறேன். ஆனால் பெண் கீழ்ப்பட்டவள் என்ற நம்பிக்கை காற்றைப் போல எங்கும் நிறைந்திருந்த காலத்தில் உருவான நடைமுறையில், தூய ஆவியாரின் குரல் எது, அந்தக் காலத்துக் காற்றின் ஓசை எது என்று பிரித்தறிய வேண்டாமா? அதைப் பிரித்தறியும் வேலையை நிதானமாக, பெண்களையும் உட்காரவைத்துக்கொண்டு, திருச்சபை இன்னும் செய்து முடிக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இயேசு ஆண்களைத்தானே திருத்தூதர்களாகத் தேர்ந்தெடுத்தார்?

ஆம். பன்னிருவர் என்ற எண்ணிக்கை இஸ்ரயேலின் பன்னிரு குலங்களைக் குறிப்பது. பன்னிருவரும் யூதர்கள். ஆனால் பிற இனத்தார் குருவாகக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. ஆண்மை மட்டும் ஏன் நிலையான நிபந்தனை என்பது எதிர்க்கேள்வி. இதற்கு உரோமை தரும் மறுமொழி அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. இயேசு பெண்கள் விஷயத்தில் தம் காலத்து வழக்கங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். சமாரியப் பெண்ணோடு கிணற்றடியில் தனியே பேசினார், பெண்களைச் சீடர்களாகத் தம்மோடு வர விட்டார். விரும்பியிருந்தால் இதையும் செய்திருப்பார், செய்யாதது வேண்டுமென்றே செய்த தேர்வு என்கிறது உரோமை.

விவிலியம் மட்டும் இதைத் தீர்த்துவைக்குமா என்று 1970-களில் உரோமையே தன் விவிலிய ஆணையத்திடம் கேட்டது. புதிய ஏற்பாடு மட்டுமே இக்கேள்விக்குத் தெளிவான, இறுதியான விடை தருவதாகத் தெரியவில்லை என்பதில் ஆணையத்தில் வாக்களித்த 17 உறுப்பினரும் ஒத்துப்போனார்கள். கிறிஸ்துவின் திட்டத்தை மீறாமலே திருச்சபை பெண்களுக்குக் குருத்துவத்தைத் திறக்கலாம் என்பதற்கு ஆதரவாக 12 பேரும் எதிராக 5 பேரும் வாக்களித்ததாக 1976-இல் செய்தி வெளியே கசிந்தது. அவர்கள் ஆலோசகர்கள், போதிக்கும் அதிகாரம் கொண்டவர்கள் அல்லர். ஆனாலும் விவிலியத்தை ஆயுளெல்லாம் ஆய்ந்தவர்கள்.

பெண்கள் சபையில் பேசக் கூடாது என்று பவுல் எழுதியிருக்கிறாரே?

எழுதியிருக்கிறார், கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 14-ஆம் அதிகாரத்தில். அதே மடலின் 11-ஆம் அதிகாரத்தில் பெண்கள் சபையில் இறைவேண்டல் செய்வதையும் இறைவாக்கு உரைப்பதையும் இயல்பாகக் குறிப்பிட்டு, தலையை மூடிக்கொள்ளச் சொல்கிறார். இன்று ஞாயிறுதோறும் பெண்கள் வாசகம் வாசிக்கிறார்கள். அந்த ஒரு வசனத்தை வைத்து இந்த விவாதத்தை முடிக்க முடியாது.

தொடக்கத் திருச்சபையில் பெண் குருக்கள் இருந்தார்களா?

பெண் திருத்தொண்டர்கள் (குருவுக்கு அடுத்த கீழ்நிலைப் பணியாளர்கள்) இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. கெங்கிரேயா சபையின் தொண்டர் என்று பெய்பாவைப் பவுல் உரோமையருக்கு அறிமுகம் செய்கிறார். அதே 16-ஆம் அதிகாரத்தில் வரும் யூனியாவைத் திருத்தூதருள் சிறந்தவர் என்று பாராட்டுகிறார். பிற்காலத்தார் சிலர் அந்தப் பெயரை ஆண் பெயராக்கி வாசித்தது தனிக் கதை. 451-இல் கூடிய கால்செதோன் பொதுச்சங்கம், நாற்பது வயதுக்குக் குறைந்த பெண்ணைத் திருத்தொண்டராக்க வேண்டாம் என்று விதித்தது. வயது வரம்பு விதிக்கும் அளவுக்கு வழக்கத்தில் இருந்த பணி அது.

குருக்கள் விஷயம் வேறு. பெண்கள் பீடத்தில் பணிபுரிவதாகக் கேள்விப்பட்டு, 494-இல் திருத்தந்தை கெலாசியுஸ் தென் இத்தாலிய ஆயர்களைக் கண்டித்து எழுதினார். அப்படி எங்கோ நடந்திருக்கிறது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறார்கள் சிலர். நடந்தபோதே கண்டிக்கப்பட்டது என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள் வேறு சிலர். பழங்காலச் சுவரோவியங்களையும் கல்லறை எழுத்துகளையும் வைத்துப் பெரிய கோட்டை கட்டுவதை நான் தவிர்க்கிறேன். பெண்களுக்குக் குருத்துவம் வேண்டும் என்றால் அதற்கான நியாயம் கிறிஸ்துவின் நற்செய்தியிலிருந்து வர வேண்டும். மங்கிப்போன ஓவியத்தில் இருப்பவரின் உடை எது என்பதை நம்பி அது இருக்கக் கூடாது.

குருக்கள் மணம் செய்யக் கூடாது என்பது போன்ற விதிதானே இதுவும்?

இல்லை. இந்தக் குழப்பம் மிகப் பரவலானது. மணத்துறவு ஒழுங்குமுறை சார்ந்தது, திருத்தந்தை நினைத்தால் தளர்த்தலாம். கீழைக் கத்தோலிக்க சபைகள் பலவற்றில் இன்றும் மணமான குருக்கள் இருக்கிறார்கள். பெண்கள் குருவாவதை உரோமை கோட்பாடு சார்ந்ததாகக் கருதுகிறது. ஒன்று மாறினால் மற்றதும் தானாக மாறிவிடாது.

"குருத்துவம் யாருக்கும் உரிமை அல்ல" என்கிறார்களே?

சரியாகத்தான் சொல்கிறார்கள். எந்த ஆணும் எனக்குப் பட்டம் தா என்று கோர முடியாது. அது அழைப்பு, அதை உறுதிசெய்வது திருச்சபை. ஆனால் ஓர் ஆண் "எனக்கு அழைப்பு உண்டு" என்று வந்தால் என்ன நடக்கிறது? குருமடத்தில் பல ஆண்டுகள் வைத்து, படிக்கவைத்து, செபிக்கவைத்து, அவன் சொல்வது உண்மையா என்று சோதிக்கிறார்கள். பலரைத் திருப்பியும் அனுப்புகிறார்கள். ஒரு பெண் அதே சொற்களோடு வந்தால் சோதனையே கிடையாது. உனக்குக் கேட்டது கடவுளின் குரல் அல்ல என்று வாசலிலேயே தீர்ப்பு. பட்டத்தை உரிமையாகக் கேட்கவில்லை, கேட்கப்படுவதற்கான வாய்ப்பைக் கேட்கிறோம் என்று அழைப்பை உணர்ந்த பெண்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

தடையை மீறித் திருநிலைப்படுத்தினால் என்ன ஆகும்?

திருநிலைப்படுத்த முயன்றவரும் பெற முயன்ற பெண்ணும் உடனடியாகச் சபைவிலக்குக்கு உள்ளாவார்கள். 2002 ஜூன் 29 அன்று டான்யூப் ஆற்றில் ஒரு கப்பலில் ஏழு பெண்கள் திருநிலைப்படுத்தப்பட்டார்கள். ஆகஸ்டில் அவர்களுக்குச் சபைவிலக்கு அறிவிக்கப்பட்டது. 2007 டிசம்பர் தேதியிட்ட ஆணை அதைப் பொதுச் சட்டமாக்கியது. 2021-இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டத்தில் அது 1379-ஆவது விதிக்குள் சேர்ந்தது. அமெரிக்க மேரிநோல் சபைக் குரு ராய் பூர்ஷுவா 2008-இல் அத்தகைய சடங்கு ஒன்றில் பங்கேற்றார். கருத்தைத் திரும்பப் பெற மறுத்த அவர் 2012-இல் சபையிலிருந்தும் குருத்துவப் பணியிலிருந்தும் நீக்கப்பட்டார்.

என் நெஞ்சைத் தொட்டது இந்த வரிசையில் சேராத ஒருவரின் வாழ்க்கை. கம்யூனிச ஆட்சிக் காலச் செக்கோஸ்லோவாக்கியாவில் திருச்சபை தலைமறைவாக இயங்கியது. தாமே பதினான்கு ஆண்டுகள் சிறையில் கிடந்த ஃபெலிக்ஸ் தாவீதெக் என்ற மறைவு ஆயருக்கு ஒரு கவலை இருந்தது. சிறைப்பட்ட கன்னியர்களிடம் எந்தக் குருவும் போய்ச்சேர முடியாது, அவர்களுக்கு அருளடையாளங்களை யார் கொடுப்பது? 1970 டிசம்பரில் இரகசியமாக ஒரு கூட்டம் கூட்டி இதை முன்வைத்தார். கருத்து இரண்டாகப் பிளந்தது. அதே மாதம் 28-ஆம் தேதி பிர்னோ நகரில் லுத்மிலா யவரோவாவுக்குக் குருப்பட்டம் கொடுத்தார். அவர் அந்த மறைவுச் சபையின் முதன்மைக் குருவாக, ஆயருக்கு அடுத்த நிலையில், நிர்வாகத்தைச் சுமந்தவர். கால் நூற்றாண்டு இதைப் பற்றி வெளியே வாய்திறக்கவில்லை. கம்யூனிச ஆட்சி வீழ்ந்த பின் செய்தி வெளிவந்தது. பட்டம் செல்லாது என்றது திருச்சபை. அவர் திருச்சபையை விட்டுப் போகவும் இல்லை, நடந்ததை மறுக்கவும் இல்லை.

மற்றக் கிறிஸ்தவ சபைகளில்?

ஆங்கிலிக்கன் மரபின் முதல் பெண் குரு ஃப்ளாரன்ஸ் லீ டிம்-ஓய். போர்க்காலத்தில், 1944 ஜனவரியில், ஹாங்காங் ஆயர் அவரைத் திருநிலைப்படுத்தினார். ஹாங்காங்கை அடுத்துள்ள மக்காவ் நகருக்கு ஆண் குரு போக வழியில்லாததே காரணம். தேவையின் நெருக்கடியில்தான் இந்தக் கதவு முதலில் அசைகிறது, பிர்னோவிலும் அப்படித்தான். லூத்தரன் சபைகள் பல இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே பெண்களைத் திருநிலைப்படுத்துகின்றன. இங்கிலாந்துத் திருச்சபையின் முதல் பெண் ஆயராக 2015-இல் லிபி லேன் பொறுப்பேற்றார். 2025 அக்டோபரில் சாரா முல்லலி கேன்டர்பரி பேராயர் பதவிக்கு அறிவிக்கப்பட்டார். கீழைத் திருச்சபைகளான ஆர்த்தடாக்ஸ் சபைகள் பெண்களுக்குக் குருப்பட்டம் தருவதில்லை. கத்தோலிக்கம் தனியாக முடிவெடுத்தால் அவர்களோடு ஒன்றிப்பு இன்னும் தொலைவாகும் என்ற கவலை உரோமைக்கு உண்டு.

பெண்கள் திருத்தொண்டர் ஆவது பற்றிய பேச்சு எந்த நிலையில் இருக்கிறது?

மூடாமலும் திறக்காமலும் இருக்கிறது. திருத்தொண்டர் என்பது ஆயர், குரு, திருத்தொண்டர் என்ற மூன்று படிகளில் முதற்படி. அவர் திருமுழுக்குக் கொடுக்கலாம், திருமணத்தை நடத்திவைக்கலாம், மறையுரை ஆற்றலாம். திருப்பலி நிறைவேற்றவோ பாவமன்னிப்பு வழங்கவோ முடியாது. 2009-இல் பதினாறாம் பெனடிக்ட் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தார். தலைவராகிய கிறிஸ்துவின் ஆளாகச் செயல்படுவது ஆயருக்கும் குருவுக்கும் உரியது, திருத்தொண்டர் பெறுவது மக்களுக்குப் பணிசெய்யும் ஆற்றல் என்று அது பிரித்தது. பெண்களுக்கு எதிரான 'அடையாள' வாதம் திருத்தொண்டர் நிலைக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்ற நம்பிக்கை பலருக்கு இதிலிருந்தும் பிறந்தது.

பிரான்சிஸ் 2016-இல் ஓர் ஆய்வுக் குழு அமைத்தார். ஒருமித்த முடிவு வரவில்லை. அமேசான் பகுதிக்கான ஆயர் மாமன்றம் (ஆயர்கள் கூடி ஆலோசிக்கும் பேரவை) இதை எழுப்பிய பின் 2020-இல் இன்னொரு குழு. 2024 அக்டோபரில் நிறைவடைந்த ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணம் 60-ஆவது பத்தியில், இந்தக் கேள்வி திறந்தே இருக்கிறது என்று எழுதியது. 258 பேர் ஆதரவு, 97 பேர் எதிர்ப்பு. அந்த ஆவணத்தில் இவ்வளவு எதிர்வாக்கு விழுந்த பத்தி வேறில்லை. 2025 டிசம்பரில் இரண்டாவது குழுவின் அறிக்கை வெளியானது. குருத்துவ அருளடையாளத்தின் ஒரு படியாகப் பெண்களைத் திருத்தொண்டராக்குவதற்கு இப்போது வழியில்லை, ஆனால் இது இறுதித் தீர்ப்பும் அல்ல என்றது குழு. திருத்தந்தை பதினான்காம் லியோவும் தற்போதைக்குப் போதனையை மாற்றும் எண்ணம் தமக்கில்லை என்று பேட்டியொன்றில் கூறியிருக்கிறார்.

குருவாகாமலே பெண்கள் எவ்வளவோ செய்ய முடியுமே, பட்டம் எதற்கு?

செய்ய முடியும், செய்கிறார்கள். ஆபத்து வேளையில் யாரும், பெண்ணும், செல்லுபடியாகும் திருமுழுக்குக் கொடுக்கலாம். 1994 முதல் சிறுமிகள் பீடப்பணி செய்ய உரோமை வழிவிட்டது. 2021-இல் வாசகர், பீடத்துணைவர் பணிகள் பெண்களுக்கு முறையாகத் திறக்கப்பட்டன. 2023 ஆயர் மாமன்றத்தில் முதன்முறையாகப் பெண்கள் வாக்களித்தார்கள். 2025 ஜனவரியில் அருட்சகோதரி சிமோனா பிரம்பில்லா வத்திக்கான் பேராயம் ஒன்றின் முதல் பெண் தலைவரானார். அவருக்குத் துணையாக ஒரு கர்தினாலும் உடன் நியமிக்கப்பட்டார். பட்டத்தையும் நிர்வாக அதிகாரத்தையும் எவ்வளவு தூரம் பிரிக்கலாம் என்பதில் உரோமைக்கே இன்னும் தெளிவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அதிகாரத்தைப் பற்றிய பேச்சு எனக்கு இரண்டாம்பட்சம். ஒரு மருத்துவமனை அறையை நினைத்துப் பாருங்கள். ஆன்மிகப் பணியாளரான அருட்சகோதரி ஒருவர் மூன்று வாரமாக ஒரு மூதாட்டியின் கட்டிலருகே வந்து அமர்கிறார். உதடு காய்ந்தால் பஞ்சை நனைத்து ஒற்றுகிறார். முதல் வாரம் மூதாட்டி வாய்திறக்கவில்லை. இரண்டாம் வாரம் வானிலை பேசினார். மூன்றாம் வாரம் ஒரு பின்னிரவில், நாற்பது ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாத ஒன்றை, தன் தங்கைக்குச் செய்த துரோகத்தை, அழுதுகொண்டே சொல்லி முடித்தார். "கடவுள் என்னை மன்னிப்பாரா?" என்று கேட்டார். அருட்சகோதரி கையைப் பிடித்துக்கொண்டார், உடன் செபித்தார், மன்னிப்பார் என்றார். "நான் உன் பாவங்களை மன்னிக்கிறேன்" என்ற வாக்கியத்தை மட்டும் அவரால் சொல்ல முடியாது. நோயில்பூசுதலும் தர முடியாது. குரு ஒருவரை அழைத்தார்கள். அவர் வந்தபோது மூதாட்டிக்கு நினைவில்லை. அவர் பரிவோடு எண்ணெய் பூசினார், செபித்தார், அடுத்த அறைக்கு அழைப்பு வந்து போனார். அவர்மேல் குறையில்லை.

கடவுளின் மன்னிப்புக்கு அந்தச் சில நிமிடங்கள் தடையல்ல என்று நம்புகிறேன். ஆனால் அந்தப் பெண்ணின் பாவசங்கீர்த்தனம் நடந்தது யாருடைய காதில் என்பது எனக்குத் தெரியும். பெண் திருத்தொண்டர்கள் வந்தாலும் இந்தக் காட்சி மாறாது, திருத்தொண்டருக்கும் அந்த அதிகாரம் இல்லை. அதனால்தான் குருத்துவம் என்ற கேள்வியை விட்டுவிட என்னால் முடியவில்லை.

இதைப் பற்றிப் பேசினால் தண்டனை உண்டா?

வாசிப்பதற்கும், கேட்பதற்கும், மனச்சான்றோடு போராடுவதற்கும் இல்லை. போதனையைப் பிடிவாதமாக மறுத்துப் பொதுவில் கற்பிக்கும் குருவோ ஆயரோ பேராசிரியரோ நடவடிக்கைக்கு உள்ளாகலாம். ஆஸ்திரேலியாவின் டூவூம்பா ஆயர் வில்லியம் மோரிஸ் 2006-இல், குருக்கள் பற்றாக்குறைக்குச் சிலர் முன்வைக்கும் தீர்வுகளுள் ஒன்றாகப் பெண்கள் திருநிலைப்பாட்டையும் தம் மடலில் குறிப்பிட்டார். 2011-இல் பதவி நீக்கப்பட்டார். அந்த மடலும் அதற்குக் காரணங்களுள் ஒன்று. பொதுநிலையினருக்கு என் ஆலோசனை: போதனை என்ன என்பதைத் திரிக்காமல் சொல்லுங்கள், அதன்மேல் உங்களுக்குள்ள கேள்வியையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

என் மகள் குருவாக வேண்டும் என்கிறாள். என்ன சொல்வது?

முதலில், சிரிக்காதீர்கள். இன்று திருச்சபை பெண்களைத் திருநிலைப்படுத்துவதில்லை என்ற உண்மையைச் சொல்லுங்கள். "நீ வளர்வதற்குள் மாறிவிடும்" என்று பொய்யான வாக்குறுதி தராதீர்கள். பிறகு பிரான்ஸின் லிசியே நகர்த் துறவி புனித தெரேசாவைப் பற்றிச் சொல்லுங்கள். குருவுக்குரிய அழைப்பைத் தனக்குள் உணர்வதாக அவர் 1896-இல் தம் கையெழுத்திலேயே எழுதினார். தம் குரலுக்கு இணங்கி இயேசு இறங்கி வரும்போது அவரை எவ்வளவு அன்போடு கைகளில் ஏந்துவேன் என்று ஏங்கினார். குருத்துவ மேன்மையைத் தாழ்ச்சியால் மறுத்த அசிசி பிரான்சிசைப் போல இருக்கவும் விரும்புவதாக அடுத்த வரியிலேயே எழுதினார், அதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். 1897-இல் காசநோயில் இறந்தபோது வயது 24. குருப்பட்டம் பெற்றிருக்கக்கூடிய வயது அது. தாம் குருவாகியிருக்க முடிந்திருந்தால் அந்த ஜூன் மாதத் திருநிலைப்பாட்டில்தான் பட்டம் பெற்றிருப்பேன் என்று தெரேசா சொன்னதாக, அவருடைய அக்கா செலின் புனிதர் பட்ட விசாரணையில் சாட்சியம் அளித்தார். 1997-இல் திருச்சபை அவரை மறைவல்லுநராக, அதாவது திருச்சபை முழுமைக்கும் ஆசிரியராக, உயர்த்தியது.

மகளுக்குப் பீடத்தருகே நிற்க ஆசையென்றால் பீடப்பணிக்குச் சேர்த்துக்கொள்வார்களா என்று பங்குத்தந்தையிடம் கேளுங்கள். ஆயரின் அனுமதியும் பங்குத்தந்தையின் விருப்பமும் சேர்ந்து முடிவாவது அது. போகும்போது அவளையும் அழைத்துப் போங்கள், கேள்வியை அவளே கேட்கட்டும்.